சஸ்பெண்டா, உரிமை மீறலா, பதவிப் பறிப்பா? சட்டமன்ற நடவடிக்கைகளைப் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எம்.எல்.ஏ. மீது நடவடிக்கை" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும், "அப்படியானால் பதவி போய்விட்டதா?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஒரே தலைப்புக்குள் பல சங்கதிகளில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் அவையிலிருந்து வெளியேற்றியிருக்கலாம். கூட்டத்தொடர் முடியும்வரை சஸ்பெண்டு செய்திருக்கலாம். உரிமை மீறல் புகார்களை விசாரிக்கும் உரிமைக் குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். அவையே தீர்மானம் போட்டு உறுப்பினரை நீக்கியிருக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பால் பதவி பறிபோயிருக்கலாம். கட்சி தாவியதற்காகச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முடிவெடுப்பவர் வேறு, தண்டனை வேறு, அதை எதிர்த்துப் போகும் வழியும் வேறு.

சட்டமன்றச் செய்தி எழுதப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும், தன் தொகுதி உறுப்பினருக்கு என்ன ஆயிற்று என்று அக்கறையோடு கேட்கும் வாக்காளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தியாவின் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் பொருந்துவதையே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இந்த விஷயத்தில் நம் பேரவையின் வரலாறு அவ்வளவு நீளம்.

முதல் படி: அந்த உரிமை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 194ஆவது பிரிவு சட்டமன்றங்களுக்கும் சிறப்புரிமை தருகின்றன. அதன் உயிர்நாடி ஒன்றே ஒன்று: அவைக்குள் பேசியதற்காகவும் வாக்களித்ததற்காகவும் ஓர் உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது. ஓர் ஆலை தன் கழிவை ஆற்றில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓர் உறுப்பினர் பொதுக்கூட்ட மேடையில் சொன்னால் ஆலை முதலாளி அவதூறு வழக்குப் போடலாம். அதையே அவைக்குள் எழுந்து சொன்னால் போட முடியாது. அந்த ஆற்றங்கரைக்காரர்களின் குரல் நோட்டீஸுக்கு அஞ்சி அடங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே இது உறுப்பினரின் சொந்தச் சொத்து அல்ல. மக்கள் அவரிடம் ஒப்படைத்து வைத்திருக்கும் பொருள். ஒரு நடவடிக்கையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இது அவையின் குரலைக் காக்கிறதா, அல்லது சிலருடைய மனவருத்தத்தைத் தீர்க்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

பேச்சுரிமைக்கும் வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பணி சார்ந்த நடத்தையைப் பற்றி அவையில் விவாதிக்கக் கூடாது. அவர்களைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது மட்டும் அதற்கு விலக்கு உண்டு. கைதிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் பலர் நினைப்பதைவிடச் சிறியது. கூட்டம் நடக்கும் நாட்களிலும், அதற்கு 40 நாள் முன்னும் பின்னும், சிவில் வழக்கில் உறுப்பினரைக் கைது செய்ய முடியாது, அவ்வளவுதான். குற்ற வழக்கில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கைது செய்தால் சபாநாயகருக்கு உடனே தகவல் தர வேண்டும். அவை வளாகத்துக்குள் கைது செய்வதானால் அவருடைய அனுமதி வேண்டும்.

இரண்டாம் படி: நடந்தது பேச்சா, குற்றமா என்று பிரியுங்கள்

இந்த இடத்தில் சற்று நின்று படியுங்கள். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசின் மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வாக்களிக்கச் சில உறுப்பினர்கள் பணம் வாங்கியதாக வழக்கு நடந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவு விபரீதமானது. பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஏனென்றால் வாக்குக்குச் சிறப்புரிமை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு வாக்களிக்காமல் இருந்தவர் மட்டும் வழக்கைச் சந்திக்க வேண்டும். வாங்கிய கூலிக்கு வேலையை முடித்தவர் தப்பிவிடுவார் என்பதுதான் இதன் பொருள். கால் நூற்றாண்டுக்கு மேல் இதுவே சட்டமாக இருந்தது. ஜார்க்கண்டில் 2012இல் நடந்த மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிக்கப் பணம் வாங்கியதாக எம்.எல்.ஏ. சீதா சோரன் மீது வந்த வழக்கில், 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய தீர்ப்பை ஒருமனதாகத் தள்ளியது. லஞ்சத்தை வாங்கிய கணத்திலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது, பிறகு எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டல்ல என்பதே இன்றைய நிலை. ஆகவே 1998 தீர்ப்பை மேற்கோள் காட்டி யாராவது இன்னும் எழுதினால், அது காலாவதியானது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பொருட்களை உடைப்பதும் பேச்சு ஆகாது. 2015 மார்ச் 13 அன்று கேரளச் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிக்கவிடாமல் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபாநாயகர் மேடையில் ஏறினார்கள். நாற்காலி, கணினி, மைக் எல்லாம் உடைந்தன. சேதம் சுமார் 2.2 லட்சம் ரூபாய். பின்னர் ஆட்சி மாறியதும் வழக்கைத் திரும்பப் பெற அரசு முயன்றது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவது உறுப்பினரின் கடமையில் சேராது என்பது அதன் காரணம்.

மூன்றாம் படி: அவை ஒழுங்கு நடவடிக்கை என்றால், எத்தனை நாள் என்று பாருங்கள்

இதுதான் நாம் அதிகம் பார்ப்பது. சபாநாயகர் எச்சரிப்பார், பெயர் சொல்லி வெளியேறச் சொல்வார், அவைக் காவலர்கள் வந்து தூக்கிச் செல்வார்கள். மக்களவையில் விதி 373இன்படி அன்றைய மீதி நேரத்துக்கு மட்டும் வெளியேற்றலாம். விதி 374இன்படி உறுப்பினரின் பெயரைக் குறிப்பிட்டு, அவை தீர்மானம் நிறைவேற்றினால், அதிகபட்சம் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை சஸ்பெண்டு செய்யலாம். 2001இல் சேர்த்த விதி 374ஏ இன்னும் கடுமையானது. மேடையை முற்றுகையிட்டு அவையை முடக்குபவரைச் சபாநாயகர் பெயர் குறிப்பிட்டாலே போதும், ஐந்து அமர்வுகளுக்கோ மீதிக் கூட்டத்தொடருக்கோ, எது குறைவோ அதுவரை, அவர் தானாகவே சஸ்பெண்டு ஆவார். மாநிலங்களவைத் தலைவருக்கு இப்படித் தனியதிகாரம் இல்லை. அங்கே அவையின் தீர்மானம் கட்டாயம். 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். இவ்வளவு பேர் வெளியே இருக்கும்போது நிறைவேறிய மசோதாக்கள் எவை என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நல்ல செய்தியாளருக்கு அழகு.

"கூட்டத்தொடர் முடியும்வரை" என்ற எல்லையை மறக்காதீர்கள். 2021 ஜூலையில் மகாராஷ்டிரப் பேரவை 12 பா.ஜ.க. உறுப்பினர்களை முழுதாக ஓர் ஆண்டுக்கு சஸ்பெண்டு செய்தது. 2022 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீதிமன்றம் சொன்ன காரணம் மிக நுட்பமானது. உறுப்பினரை ஒரேயடியாக நீக்கினால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்து தொகுதிக்குப் புதிய உறுப்பினர் வந்துவிடுவார். ஓர் ஆண்டு சஸ்பெண்டு என்றாலோ இடம் காலியும் இல்லை, ஆளும் இல்லை. அவ்வளவு காலம் அந்தத் தொகுதி மக்களுக்கு அவையில் வாயே கிடையாது. நீக்குவதைவிட இது கொடிய தண்டனை, தண்டிக்கப்படுவது உறுப்பினர் மட்டுமல்ல, தொகுதியும்தான். நான் படித்த சட்டமன்றத் தீர்ப்புகளில் வாக்காளரை இவ்வளவு கண்ணுக்கு முன் வைத்துப் பேசியவை குறைவு.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2015இல் அவையில் நடந்த அமளிக்காகத் தே.மு.தி.க. உறுப்பினர்கள் ஆறு பேருக்கு, அடுத்த கூட்டத்தொடரின் முதல் பத்து நாட்கள் அவைக்கு வரக் கூடாது, அந்நாட்களின் சம்பளமும் சலுகைகளும் இல்லை என்று தண்டனை விதித்தார்கள். உரிமைக் குழு நம்பியது ஒரு வீடியோ பதிவை. அந்தப் பதிவின் பிரதியை அந்த ஆறு பேருக்கும் கொடுக்கவில்லை. தன் மீதான சான்றைக் காட்டாமல் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

நான்காம் படி: உரிமை மீறல் என்றால், காகிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்

அவையின் அல்லது உறுப்பினரின் சிறப்புரிமையை ஒருவர் மீறிவிட்டார் என்ற புகார்தான் உரிமை மீறல். "உரிமை மீறல் நோட்டீஸ் கொடுத்தார்" என்பது தொடக்கம்தான். உறுப்பினர் எழுத்தில் கொடுக்க வேண்டும். விஷயம் அண்மையில் நடந்ததாகவும், குறிப்பிட்ட ஒன்றாகவும், அவை தலையிட வேண்டியதாகவும் இருக்க வேண்டும். சபாநாயகர் ஒப்புதல் தந்தால்தான் அவைக்கு வரும். மக்களவையில் யாராவது எதிர்த்தால், ஆதரவாக 25 பேர் எழுந்து நிற்க வேண்டும். பிறகு உரிமைக் குழு. மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர். குழு விசாரித்து அறிக்கை தரும். தண்டனையை முடிவுசெய்வது அவை. பெரும்பாலான நோட்டீஸ்கள் சபாநாயகர் மேசையிலேயே தங்கிவிடும், அல்லது வருத்தம் தெரிவித்ததோடு முடிந்துவிடும். அதனால் நோட்டீஸ் கொடுத்த அன்றே "சிக்கினார்" என்று எழுதாதீர்கள்.

அவை தன் உறுப்பினரை மட்டுமல்ல, வெளியாரையும் தண்டிக்கலாம். எச்சரிக்கலாம், அவைக்கு வரவழைத்துக் கண்டிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். அந்தச் சிறை கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும்வரைதான் என்பது நாடாளுமன்ற மரபு. 1978 டிசம்பர் 19 அன்று மக்களவை இந்திரா காந்தியை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கித் திகார் சிறைக்கு அனுப்பியது. கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரு வாரத்தில் அவர் வெளியே வந்தார். 1981இல் அடுத்த மக்களவை அந்த முடிவையே ரத்து செய்தது.

பத்திரிகைக்காரர்கள் மீது இந்த அதிகாரம் பாய்ந்த கதையை நம் ஊரில் தெரியாதவர்கள் இருக்கக் கூடாது. 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் அமைச்சர் என்ற கேள்விக்கு, ஒருவர் பிக்பாக்கெட் போலவும் மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரர் போலவும் இருப்பதாகப் பதில் வரும். இதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தில் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அவர் அத்தோடு விடவில்லை. வழக்குப் போட்டு, அந்தக் கைது செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பும் அடையாள இழப்பீடும் பெற்றார். 2003 நவம்பர் 7 அன்று தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது பேரவை. போலீஸார் அலுவலகத்துக்கே போனார்கள். நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு நகைச்சுவையும் ஒரு தலையங்கமும் எந்த உறுப்பினரின் வாயையும் அடைக்கவில்லை, எந்த வாக்கையும் தடுக்கவில்லை. முதல் படியில் சொன்ன கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள், இவை ஏன் தவறான நடவடிக்கைகள் என்று உங்களுக்கே விளங்கும்.

எது உரிமை மீறல் என்பதை இந்தியாவில் இதுவரை சட்டமாக எழுதி வைக்கவில்லை. இலங்கையில் 1953லேயே இதற்கெனத் தனிச்சட்டம் வந்துவிட்டது. எழுதாமல் விட்டதால், அன்றைய பெரும்பான்மை எதை மீறல் என்கிறதோ அதுவே மீறல் என்றாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. 2017 ஜூலையில் தி.மு.க. உறுப்பினர்கள், தடை செய்யப்பட்ட குட்கா தாராளமாக விற்கிறது என்று காட்ட பாக்கெட்டுகளை அவைக்குள் எடுத்துவந்தார்கள். அதற்கான உரிமை மீறல் நோட்டீஸ் 21 பேருக்குப் போனது ஆகஸ்டு இறுதியில், ஆளும் கட்சி உடைந்து பெரும்பான்மை ஊசலாடிக்கொண்டிருந்த வேளையில். உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. மறுபடி அனுப்பிய நோட்டீஸையும் 2021 பிப்ரவரியில் தனி நீதிபதி ரத்து செய்தார், ஆனால் 2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் தள்ளியது. நோட்டீஸின் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய அவையின் கட்சிவாரிக் கணக்கையும் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: பதவி போனது என்றால், யாரால் போனது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அவையே நீக்குவது. 1951இல் வணிகர் சங்கம் ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு அவையில் பேசியதற்காக எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினரை நீக்க நேருவே தீர்மானம் கொண்டுவந்தார். 2005இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவானதும், 11 எம்.பி.க்களை இரு அவைகளும் டிசம்பர் 23 அன்று நீக்கின. நீக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு என்று 2007இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே தீர்ப்பு, அப்பட்டமான அரசியலமைப்பு மீறல் இருந்தால் நீதிமன்றம் பார்க்கும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 1986 டிசம்பரில் அரசியலமைப்பின் மொழிப் பகுதியை எரித்த போராட்டத்துக்காக க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். இப்படி நீக்கப்பட்டவர் மறுபடி தேர்தலில் நிற்கத் தடையில்லை. 2023 டிசம்பர் 8 அன்று மக்களவையிலிருந்து நீக்கப்பட்ட மஹுவா மொய்த்ரா, 2024இல் அதே கிருஷ்ணநகர் தொகுதியில் வென்று திரும்பி வந்தார்.

இரண்டாவது, குற்ற வழக்கில் தண்டனை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதித்தால் பதவி உடனே போகும். தண்டனை முடிந்து ஆறு ஆண்டுகள் போட்டியிடவும் முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சிலவற்றில் அபராதம் மட்டுமே விதித்தாலும் தகுதியிழப்பு உண்டு. மேல்முறையீடு செய்தாலே பதவி தங்கிவிடும் என்றிருந்த விதியை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. 2014 செப்டம்பர் 27 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தந்தது. பலர் அவர் உடனே முதலமைச்சர் ஆகிவிடுவார் என்று நினைத்தார்கள். ஆகவில்லை, ஏனென்றால் தீர்ப்பு அப்படியே நின்றது. ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தலே நடந்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பிறகுதான் அவர் திரும்பினார். 2023இல் ராகுல் காந்திக்கும், 2024இல் பொன்முடிக்கும் பதவி திரும்பக் கிடைத்தது, உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்ததால். "ஜாமீன் கிடைத்தது" என்று படித்ததும் நிறுத்திவிடாமல், தீர்ப்பு நிற்கிறதா என்று உத்தரவின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

மூன்றாவது, கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985இல் வந்தது, முடிவெடுப்பவர் சபாநாயகர். 2017 செப்டம்பரில் 18 அ.தி.மு.க. உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்தது இதன்படிதான். இதற்கும் உரிமை மீறலுக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதாதீர்கள்.

ஆறாம் படி: அவை நடவடிக்கையை எழுதும்போது

அவையில் நடந்ததை உள்ளபடி, தீய நோக்கமின்றி வெளியிடுபவருக்கு அரசியலமைப்பின் 361ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களை வெளியிட்டால் அந்தப் பாதுகாப்பு நிற்காது. நான் முதன்முதலாகச் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்த நாளில், பக்கத்தில் இருந்த மூத்தவரின் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் இரண்டு விரல் அளவு இடம் விட்டிருப்பார். கூச்சல் வரும்போது அந்த ஓரத்தில் மணியைக் குறிப்பார். சபாநாயகர் "அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றதும், மணியைப் பார்த்து, எந்த வாக்கியம் முதல் எந்த வாக்கியம் வரை என்று சிவப்பு மையில் அடைப்பு போடுவார். மாலையில் செய்தி எழுதும்போது அந்தச் சிவப்புக்குள் கண் போகாது. நேரலையில் அந்தச் சொல் ஊரெல்லாம் போய்விட்டதே என்று இன்று கேட்கலாம். போயிருந்தாலும் நீங்கள் எழுத்தில் வைக்காதீர்கள்.

ஏழாம் படி: நோட்டீஸ் உங்களுக்கே வந்துவிட்டால்

புறக்கணிக்காதீர்கள். 1964இல் உத்தரப் பிரதேசத்தில் கேசவ் சிங் என்பவர், ஒரு துண்டறிக்கைக்காகக் கண்டிக்கப்பட வேண்டியவர், அவையில் சபாநாயகருக்கு முதுகைக் காட்டி நின்றார், கடுமையாக ஒரு கடிதமும் எழுதினார். கண்டிப்பு ஏழு நாள் சிறையாக மாறியது. அவருக்கு ஜாமீன் தந்த இரண்டு நீதிபதிகளையே பிடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பேரவை உத்தரவிட, அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் சேர்ந்து அமர்ந்து அதற்குத் தடை போட்டார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அது நீதிபதிகளின் பக்கம் நின்றது. ஆனாலும் கேசவ் சிங்கின் மனு மறு ஆண்டு தள்ளுபடியாகி, மீதியிருந்த நாளைச் சிறையில் கழிக்க வேண்டியிருந்தது.

எனவே குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். உங்கள் மீதான புகாரின் நகலைக் கேளுங்கள். குழு எந்த ஒலிப்பதிவையோ வீடியோவையோ நம்புகிறதோ அதன் பிரதியைக் கேளுங்கள். தே.மு.தி.க. உறுப்பினர்கள் வழக்கில் வந்த 2016 தீர்ப்பு அதற்குத் துணை நிற்கும். வழக்கறிஞர் உடன் வர அனுமதி கோருங்கள். நீங்கள் எழுதியது தவறு என்று உண்மையாகவே தெரிந்தால் வருத்தம் தெரிவிக்கத் தயங்காதீர்கள். சரி என்று தெரிந்தால் ஆதாரத்தை இணைத்து அப்படியே சொல்லுங்கள். கேட்ட ஒவ்வொன்றையும் கடிதமாகக் கொடுத்து, பேரவைச் செயலகத்தின் முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்டும் தரவில்லை என்று பிறகு நீதிமன்றத்தில் காட்ட அந்த ஒப்புகைதான் உங்கள் கையில் இருக்கும்.